ஏயினாவுக்கு நாலாவது ஆள்

ஞாயிற்றுக்கிழமை ஏயினாத் தீவுக்குப் போய் வருவது என்று முடிவு செய்தது நான்தான். எங்கள் வீட்டிலும் சரி, கடையிலும் சரி, முடிவு செய்கிற வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். மற்றவர்கள் அதற்குப் பிறகு சாவகாசமாக உட்கார்ந்து ஆளுக்கொரு குறை சொல்வார்கள்.

இந்தத் தடவை அதற்குக் காரணம் பொலிக்ஸெனி. நானும் அவளும் எங்கள் பேட்டையான கொரிதாலோஸில் சேர்ந்து ஒரு பார்லர் நடத்துகிறோம். பெரிய கடையில்லை. மூன்று நாற்காலி, இரண்டு ட்ரையர், வாசலில் தொட்டியில் ஒரு அரளி. நான் முடி வெட்டுவேன், அவள் சாயம் போடுவாள். என் கையில் வேகம் உண்டு, அவள் கையில் பொறுமை உண்டு, அதனால் இத்தனை வருஷமும் பெரிய சண்டையில்லாமல் ஓடிவிட்டது. அப்படிப்பட்டவள் செவ்வாய்க்கிழமை காலையில் கடையைத் திறந்ததும், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

"மத்தூலா, ஆகஸ்ட் முடிஞ்சதும் நான் வோலோஸ் போறேன்டி. அக்கா வீட்டு மாடி சும்மாதான் கிடக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் இல்ல. ஒரேயடியா."

வருத்தம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். "உங்க அக்காவோட ஒரு வாரம் இருந்தாலே உனக்குத் தலைவலி வந்துடும். ஒரேயடியாவாம்! போய் என்ன பண்ணப் போற, அவளோட கத்திரிக்காய்ச் செடிக்குத் தண்ணி ஊத்தப் போறியா?" என்று கத்தினேன்.

"ஊத்துனா என்ன? ஆளில்லாத வீட்டுல உக்காந்து எத்தனை நாளைக்குத்தான் சுவத்தைப் பாத்துக்கிட்டு காபி குடிக்கறது?"

அவள் கணவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. வாசல் கண்ணாடி வழியாக எதிர்ச்சாரியைப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் இருப்பது திராசிவுலோஸின் ஹார்டுவேர் கடை.

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திராசிவுலோஸ் என்றால் துணிந்து யோசனை சொல்கிறவன் என்று பொருள். பெயர் வைத்த ஞானத்தகப்பனுக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்க வேண்டும். அறுபது வயதாகிறது, கல்யாணம் ஆகவில்லை, தாயாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டான், இப்போது ஆணி, பூட்டு, குழாய் இவற்றோடு குடித்தனம் நடத்துகிறான். ஆள் தங்கம். ஆனால் பேச மாட்டான். எங்கள் ஊரில் மாட்டேன் என்று சொல்ல யாருக்குமே வாய் வேண்டியதில்லை. புருவத்தைத் தூக்கி, மோவாயை ஒரு விரற்கடை உயர்த்தினால் போதும். சரி என்பதற்குத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கீழே இறக்கினால் போதும். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் செய்வோம், கூடவே நாலு வார்த்தை பேசவும் பேசுவோம். அவன் அந்த நாலு வார்த்தையை விட்டுவிட்டான், அவ்வளவுதான்.

பொலிக்ஸெனி தினமும் காலையில் இரண்டு காபி போடுவாள். ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போவாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் கோப்பையைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தருவான். அவள் வீட்டு ஹீட்டர், ஜன்னல் கதவு, மழைக்கு ஒழுகும் பால்கனி எல்லாவற்றையும் அவன்தான் சரி செய்வான். கொரிதாலோஸில் இது தெரியாத பூனை கிடையாது. ஆனாலும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் தெருவில் மின்சாரக் கட்டணத்துக்கு மீட்டர் பார்க்க வருகிறவனைக்கூட இரண்டாம் தடவையே நாங்கள் "நீ" என்று ஆரம்பித்துவிடுவோம். இவர்களுக்கு மட்டும் வருஷக்கணக்கில் அந்த "ங்க" உதிரவே இல்லை.

போன வாரத்திலிருந்து அவள் ஒரு காபிதான் போடுகிறாள் என்பதை நான் கவனித்திருந்தேன். வெயில் அதிகம், அதனால்தான் என்று நினைத்துவிட்டேன். எனக்கு நன்றாக வேண்டும்.

அன்றைக்கு முழுக்க முடி வெட்டிக்கொண்டே யோசித்தேன். பொலிக்ஸெனி போனால் கடை என்னாகும் என்பது இரண்டாவது. அவள் இல்லாமல் நான் யாரைத் திட்டுவது? அவளைப் பிடித்து நிறுத்தக்கூடிய ஒரே ஆள் எதிர்க்கடையில் சாவி ராவிக்கொண்டிருந்தான். தெருவில் வைத்து அவன் வாயைத் திறக்க முடியாது, வாடிக்கையாளர் வந்தால் ஓடிவிடுவான். கப்பலில் ஏற்றிவிட்டால் எங்கே ஓடுவான்? போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம், நடுவில் ஒரு முழுப் பகல், பக்கத்தில் பொலிக்ஸெனி. ஏயினா என்று என் வாய் தானாகச் சொன்னது.

"உனக்கு ஒரு வழியனுப்பு வேணாமா? ஞாயித்துக்கிழமை ஏயினா போயிட்டு வரலாம்" என்றேன், ரொம்ப யதார்த்தமாக.

அவள் முகம் மலர்ந்தது. "போலாம்டி. புனித நெக்தாரியோஸ் கோயிலுக்கும் போகணும். போற இடம் நல்லபடியா அமையணும்னு ஒரு மெழுகுவத்தி ஏத்தணும்."

அந்த மெழுகுவர்த்தியை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சிரித்தேன்.

இரவு வீட்டில் திட்டம் போட உட்கார்ந்தோம். என் கணவன் பந்தெலிஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். அதனால் கடலில் மிதக்கிற எல்லாவற்றையும் பற்றி அவனுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும்.

"வேகப்படகு வேணாம்" என்றான். "அதுல உள்ளயே அடைச்சு வெச்சுடுவான். மருந்துப் புட்டியில மாத்திரை மாதிரி குலுங்கிக்கிட்டே போகணும். காத்து கொஞ்சம் ஏறினா அதையும் நிறுத்திடுவான். பெரிய கப்பல்தான் சரி. மேல்தளத்துல உக்காந்து காபி குடிக்கலாம், கடல்பறவைக்கு பிஸ்கட்டு போடலாம்."

இதில் எனக்கும் சம்மதம். மேல்தளத்து பெஞ்சில் இரண்டு இரண்டு பேராகத்தான் உட்கார முடியும் என்று நான் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தேன். சாப்பாட்டில்தான் சண்டை வந்தது. தீவின் மீனவக் கிராமமான பெர்திகாவுக்குப் போய், தண்ணீரோரம் மேஜை போட்டு, சுட்ட ஆக்டோபஸும் பொரித்த மீனும் சாப்பிட வேண்டும் என்பது அவன் கட்சி. கறியுருண்டையும் தக்காளியும் சீஸும் கட்டி எடுத்துப் போக வேண்டும் என்பது என் கட்சி. கடலில் குளித்துவிட்டு ஈர உடம்போடு தின்கிற கறியுருண்டைக்கு ஈடு எதுவுமில்லை என்பதை இந்த மனிதன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கடைசியில், மதியம் பெர்திகா, அதற்கு முன்னால் கறியுருண்டை என்று சமாதானம் ஆயிற்று. எங்கள் வீட்டில் எல்லாச் சமாதானமும் இரண்டு தடவை சாப்பிடுவதில்தான் முடியும்.

"காரையும் கப்பல்ல ஏத்திக்கலாமா?" என்றான், ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு.

நான் புருவத்தைத் தூக்கினேன்.

"சரி, அப்ப கார்ல போறோம்."

"யாரு சரின்னா? இப்பத்தானே வேணாம்னேன்!"

"எப்ப சொன்ன? ஒரு சத்தமும் வரலையே."

அவன் ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது என் குற்றமா? மனிதனுக்கு முதுகில் கண் கிடையாது என்பது நியாயம்தான், ஆனால் அதை ஒப்புக்கொள்கிற மனநிலையில் நான் இல்லை. கார் வேண்டாம், அங்கே பஸ் இருக்கிறது என்று வாயாலும் சொல்லி முடித்தேன்.

"மூணு பேருக்கு எதுக்கு இவ்வளவு கறி எடுத்து வெச்சிருக்க?" என்றான்.

"நாலு பேரு."

"நாலாவது யாரு?"

"திராசிவுலோஸ்."

பந்தெலிஸ் ஃப்ரிட்ஜிலிருந்து தலையை வெளியே எடுத்துவிட்டான். "அவனா? பல் டாக்டரைத் தவிர யார்கிட்டயும் வாயைத் தொறக்காத ஆளு. அவன்கிட்ட போய் என்ன கேப்ப?"

"கேக்கப் போறதில்ல. சொல்லப் போறேன்."

மறுநாள் காலை அவன் கடைக்குப் போனேன். ஒரு பெட்டியில் கலந்து கிடந்த திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் சுவரில், தோட்டக்குழாய்களுக்கு நடுவே, நீல வெள்ளைக் கோடு போட்ட ஒரு கடற்கரைக் குடை மாட்டியிருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. பொலிக்ஸெனியின் குடை. கம்பி உடைந்துவிட்டது என்று வசந்தத்திலேயே கொடுத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஏயினா போறோம். நீயும் வர்ற" என்றேன்.

புருவம் மேலே போயிற்று.

"ஏன்? ஞாயித்துக்கிழமை எவன்யா ஆணி வாங்க வரப்போறான்?"

மறுபடி மேலே.

"பொலிக்ஸெனி வர்றா."

அவன் கை திருகாணிப் பெட்டியில் நின்றது. "தெரியும்" என்றான்.

"ஆகஸ்டோட வோலோஸ் போறா. அதுவும் தெரியுமா?"

அவன் ஒரு திருகாணியை எடுத்து அதன் அளவுக்குரிய இடத்தில் போட்டான். பிறகு, "கேட்டாங்க. சொன்னேன். போறாங்க" என்றான்.

ஒரே மூச்சில் அவன் வாயிலிருந்து மூன்று சொல் வந்து நான் கேட்டதே இல்லை. என்ன சொன்னாய் என்று நான் கேட்பதற்குள் எழுந்து போய்க் குடையைச் சுவரிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தான். "குடுத்துடு. கம்பி மாத்தியாச்சு."

கம்பி மட்டுமில்லை. பழைய துணியில் கிழிந்திருந்த இடத்தைக்கூட நூல் தெரியாமல் தைத்திருந்தான். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவன் அவளைப் போகச் சொல்லியிருக்கிறானே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. குடையைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தேன்.

பார்லரில் பொலிக்ஸெனி எவ்தாலியா அம்மாவுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தாள். எவ்தாலியா அம்மா எங்கள் பழைய வாடிக்கை, எண்பதைத் தொடப்போகிறவர், தலை நிறைய அலுமினியத் தாள் மடிப்புகளோடு உட்கார்ந்திருந்தார். நான் குடையை மூலையில் சாத்தினேன்.

"உன்னைப் போன்னு சொல்லிட்டானாமே!"

"யாரு?"

"வேற எவன்? அவன்தான். ஏயினாவுக்கு வான்னு கூப்பிடப் போனேன்."

பொலிக்ஸெனியின் முகம் மாறிவிட்டது. "அவரையா கூப்பிட்ட? மத்தூலா, அவர் வந்தா நான் வரல. இப்பவே சொல்லிட்டேன். நீங்களே போயிட்டு வாங்க."

"ஏன்டி?"

"என்னைப் போன்னுகூட அவர் சொல்லல. ஒண்ணுமே சொல்லல. அதான் விஷயம்."

பிரஷை நிறுத்தாமலே சொன்னாள். போன வியாழக்கிழமை தலைவலி என்று சீக்கிரம் கிளம்பினாளே, அன்று தலைவலியே இல்லையாம். வீட்டுக்குப் போய் அவனுடைய கடைக்கு டெலிபோன் செய்தாளாம்.

"எதிர்ல இருக்கற கடைக்கு வீட்டுக்குப் போய் போன் பண்ணியா?"

"நேர்ல கேட்டா என் மூஞ்சி என்னைக் காட்டிக் குடுத்துடும்டி. போன்னா குரலை மட்டும் அடக்கிக்கிட்டா போதும்னு நினைச்சேன். 'அக்கா கூப்பிடறாங்க, நான் வோலோஸ் போகட்டுமா'ன்னு கேட்டேன். பதிலே இல்ல. லைன்ல ஆள் இருக்காரு. ரேடியோல செய்தி ஓடறது கேக்குது, அவர் மூச்சு விடறதுகூடக் கேக்குது. திரும்பவும் கேட்டேன். அப்பவும் ஒண்ணுமில்ல. போகாதீங்கன்னு சொல்ல வேணாம், நல்லபடியா போயிட்டு வாங்கன்னாவது ஒரு வார்த்தை? அதுக்குக்கூடவா நான் ஆகாம போயிட்டேன்? 'சரி, நல்லா இருங்க'ன்னு நானே சொல்லி போனை வெச்சுட்டேன்."

கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. கை மட்டும் வரிசை தவறாமல் சாயத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"ஆம்பளைங்களே இப்படித்தான்மா" என்றார் எவ்தாலியா அம்மா. "எங்க வீட்டுக்காரர் வாழ்நாள் பூரா உப்பு பத்தலன்னு மட்டும்தான் பேசினாரு. அதுவும் தட்டைப் பாத்துதான் சொல்வாரு."

எனக்குத் தலை சுற்றியது. கேட்டாள், சொன்னேன் என்கிறான் அவன். கேட்டேன், சொல்லவில்லை என்கிறாள் இவள். யாராவது ஒருவர் பொய் சொல்ல வேண்டும். பொலிக்ஸெனிக்குப் பொய் வராது. சாயம் எடுபடாத தலையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூட நான்தான் வந்தாக வேண்டும். அப்படியானால் பொய்யன் அவன்தான். இரண்டு வார்த்தையில் ஒரு பெண்ணை நிறுத்தி வைக்கக்கூடியவன், அந்த இரண்டு வார்த்தையையும் மிச்சம் பிடித்துக்கொண்டு, என்னிடம் சொன்னேன் என்று புளுகுகிறான்!

கடை டெலிபோனை எடுத்தேன். நேரில் போய்த் திட்டியிருக்கலாம். ஆனால் நேரில் போனால் மறுபடியும் புருவத்தைத் தூக்கிவிட்டுத் திருகாணியைப் பார்ப்பான். டெலிபோனில் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். நம்பர் எதிரே அவன் கடைப் பலகையிலேயே பெரிதாக எழுதியிருந்தது.

"என்னை விடுடி, வேணாம்" என்றாள் பொலிக்ஸெனி.

"நீ உன் வேலையைப் பாரு."

மணி அடித்தது. அவன் எடுத்து, "ம்" என்றான்.

"நான் மத்தூலா பேசறேன். கடைசியா கேக்கறேன், ஞாயித்துக்கிழமை எங்களோட வர்றியா இல்லியா?"

பதில் இல்லை. ரேடியோவில் யாரோ வெயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் மூச்சு கேட்டது.

"யோவ், உன்னைத்தான் கேக்கறேன்!"

அப்போதும் இல்லை. இவனைக் கண்ணாலேயே எரித்துவிட வேண்டும் என்று வாசல் கண்ணாடிப் பக்கம் திரும்பினேன். அவன் கல்லாவுக்குப் பக்கத்தில், ரிசீவரைக் காதில் வைத்தபடி, தெருவைப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்றிருந்தான். புருவம் மேலே இருந்தது. மோவாய் மேலே இருந்தது. கண்ணை அரைவாசி மூடியிருந்தான். பிறகு எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு இறக்கினான்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை.

"காது கேக்குதா இல்லியா?" என்றேன், மெதுவாக.

புருவமும் மோவாயும் திரும்ப மேலே போயின. இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக, எத்தனை தடவைதான் சொல்வது என்கிற சலிப்போடு. பிறகு இந்தக் கேள்விக்கு அது சரியான பதிலில்லை என்று தோன்றியதோ என்னவோ, தலையைச் சாய்த்துக் கீழே இறக்கினான். லைனில் ஒரு சத்தமும் இல்லை.

"பொலிக்ஸெனி" என்றேன். "பிரஷைக் கீழ வை. இங்க வா."

"வேணாம்டி..."

"வான்னா வா! கண்ணாடிகிட்ட நில்லு. அவனைப் பாரு. வேற எதையும் பாக்காத."

கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். எவ்தாலியா அம்மாவும் தலையில் தாள்கள் சலசலக்க எழுந்து வந்துவிட்டார். நான் டெலிபோனில் பேசினேன்.

"இதோ பாருய்யா. போன வாரம் அவ உன்கிட்ட ஒரு கேள்வி கேட்டாள்ல? அதையே இப்ப நான் கேக்கறேன். பொலிக்ஸெனி வோலோஸ் போகட்டுமா?"

எதிரே அவன் கையில் இருந்த திருப்புளியைக் கல்லா மேல் வைத்தான். புருவம் உயர்ந்தது. மோவாய் உயர்ந்தது. கண்ணை முழுவதுமாக மூடிக்கொண்டான். இந்தத் தடவை உடனே இறக்கவில்லை. மேலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ" என்றாள் பொலிக்ஸெனி.

"ரெண்டு தடவை கேட்டேன்னியே. ரெண்டு தடவையும் சொல்லியிருக்கான்டி. வீட்டுல உக்காந்துக்கிட்டு நீ எப்படிப் பாப்ப?"

"அட பாவி மனுஷா!" என்று எவ்தாலியா அம்மா கண்ணாடியில் தட்டினார். "டெலிபோன்லயா!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வழக்கம்போல அதுவும் கோபமாகத்தான் வெளியே வந்தது. "ஏய்யா, நீ புருவத்தைத் தூக்கினா அது டெலிபோன்ல கேக்குமாய்யா? அன்னிக்கு அவ வீட்டுல இருந்து பேசினா! உன் புருவமும் தெரியல, உன் மண்டையும் தெரியல! உனக்கு ஒரு வார்த்தைகூட வரலன்னு நினைச்சுத்தான் மூட்டை கட்டிக்கிட்டு இருக்கா!"

அவன் கண்ணைத் திறந்தான். ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். எத்தனையோ வருஷமாக அந்தச் சுவரில் தொங்குகிற டெலிபோன்தான். பிறகு தலையை நிமிர்த்தி எங்கள் கண்ணாடியைப் பார்த்தான். மூன்று பெண்கள் வரிசையாக நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரிசீவரைத் திரும்பக் காதில் வைத்தான். "பாக்கலையா?" என்றான்.

"எப்படிப் பாப்பா!"

"அவங்ககிட்ட குடு" என்றான்.

கொடுத்தேன். பொலிக்ஸெனி சாயக் கையுறையோடு அதை வாங்கினாள். எங்கள் டெலிபோனில் இன்றைக்கும் ஒரு செம்பட்டைக் கறை இருக்கிறது, துடைத்தால் போகாது, நாங்களும் துடைக்கவில்லை. நான் வெட்கமில்லாமல் என் காதையும் அதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். பிறகு ஒரு காலத்தில் இதை யாராவது சரியாகச் சொல்ல வேண்டுமே.

அவன் தொண்டையைக் கனைத்தான். இன்னொரு தடவை கனைத்தான்.

"போகாத" என்றான்.

போகாதீங்க இல்லை. போகாத. அந்த "ங்க" ஒருவழியாக உதிர்ந்தே விட்டது. அதை எடுத்துவிடுவதற்கு அவனுக்கு எவ்வளவு பலம் தேவைப்பட்டிருக்கும் என்று அவன் கழுத்து நரம்பைப் பார்த்தே தெரிந்தது.

பொலிக்ஸெனி வாயைத் திறந்தாள், மூடினாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மெதுவாகக் கீழே இறக்கினாள். கண்ணீர் கன்னத்தில் ஓடியது. அவன் அந்த நேரம் பார்த்துக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹலோ?" என்றது டெலிபோன். "ஹலோ? இருக்கீங்களா?"

பயத்தில் "ங்க" திரும்பி வந்துவிட்டது பாருங்கள்! எவ்தாலியா அம்மா சிரித்த சிரிப்பில் தலையிலிருந்து இரண்டு தாள் கழன்று விழுந்தன. நான் டெலிபோனைப் பிடுங்கி, "நிமிர்ந்து கண்ணாடியைப் பாருய்யா! சரிங்கறா!" என்று அலறினேன். டெலிபோன் இல்லாமலே அது அவனுக்குக் கேட்டிருக்கும்.

நிமிர்ந்து பார்த்தான். பொலிக்ஸெனி இன்னொரு தடவை தலையைச் சாய்த்து இறக்கினாள், சாயக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவன் ரிசீவரை மாட்டக்கூட இல்லை. அப்படியே தொங்கவிட்டுவிட்டு, கடையைத் திறந்துபோட்டு, ஸ்கூட்டரில் வந்த ஒருவனை இரண்டு கெட்ட வார்த்தை சொல்ல வைத்துத் தெருவைத் தாண்டி வந்தான். வாசலில் அரளித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றான். உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மூலையில் நான் சாத்தியிருந்த குடை கண்ணில் பட்டது. வந்து அதை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது.

"இதை நான் எடுத்துட்டு வர்றேன்" என்றான். "கப்பல் எத்தனை மணிக்கு?"

பதில் சொல்ல என் வாய் திறந்துவிட்டது. கப்பல் நேரம், பஸ் நேரம், கறியுருண்டைக் கணக்கு எல்லாம் என் தலையில்தானே இருந்தது. ஆனால் என்னைத்தான் அவன் பார்க்கவே இல்லையே. மூடிக்கொண்டேன். எவ்தாலியா அம்மாவின் சாயம் நேரம் தாண்டி ஊறி, அன்றைக்கு அவர் தலை மாதுளம்பழ நிறத்துக்குப் போனதும் அப்போதுதான். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அந்த நிறத்தையே இன்றுவரை போட்டுக்கொள்கிறார்.

பொலிக்ஸெனி கையுறைகளைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். கன்னத்தில் ஒரு கோடு சாயம் இருந்தது. அவள் கொண்டுபோகப் போகும் மெழுகுவர்த்திக்கு இனி வேறு வேண்டுதல் பார்க்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன், மனசு நிறைந்துபோயிற்று எனக்கு.

"எட்டரைக்கு" என்றாள் அவள். "வெயிலு இருக்கும், தொப்பி போட்டுக்க. லேட்டா வராத."

அவன் தலையைச் சாய்த்து இறக்கினான். பிறகு என்ன நினைத்தானோ, வாயைத் திறந்து, "சரி" என்றும் சொன்னான்.